காலை அழகு, இரவு அழகு

ஜூன் 9, திங்கள்

இல்லை, எழுத்துப்பிழைதான். அதற்கு மேல் அதில் ஆழம் எதுவும் இல்லை.

சர்க்கரை கிளினிக்கில் அப்பாவுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்தார்கள். இலவசம். அட்டையில் ஓர் ஆப்பிள், ஓர் இதயம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். உள்ளே கட்டம் கட்டமாக: தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, காலை அழகு, இரவு அழகு, கையொப்பம்.

இன்சுலின் எத்தனை அலகு போட்டுக்கொண்டார் என்று எழுத வேண்டிய கட்டங்கள். அலகு. அழகு அல்ல.

ஜெசிந்தா சிஸ்டரிடம் காட்டினேன். அந்தக் கிளினிக்கில் ஊசி, உணவு, கண்டிப்பு மூன்றும் அவர் பொறுப்பு.

"அதை ஏம்மா கேக்கிய. பிரஸ்ஸுக்கு வாட்ஸப்புல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்புனேன். அவங்க இப்படி வாசிச்சுட்டாங்க. ஐநூறு காப்பி. நீங்க பேசாம நம்பரைப் போட்டுட்டு வாங்க."

ஐநூறு நோயாளிகள், ஆளுக்கு இரண்டு வேளை. கோவில்பட்டியில் அவ்வளவு அழகு கையிருப்பு இல்லை.

நிபந்தனை இது. அப்பா தானே ஊசி போட்டுக்கொண்டு, நான்கு வாரம் பிசகாமல் குறிப்பேட்டை நிரப்பிக் காட்ட வேண்டும். காட்டினால் அவர் தனியாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்வார். சொன்னால் நான் ஹைதராபாத் போகலாம். ஜூலை 14க்குள் அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர வேண்டும். அம்மா தோஹாவில், அண்ணன் வீட்டில், பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகுதான் வருவாள்.

ஆக, என் எதிர்காலம் ஓர் எழுத்துப்பிழைக்குள் இருக்கிறது.

என் ஆய்வுத் தலைப்பு: தற்காலக் கவிதையில் பார்வையின் அரசியல். நேர்முகத்தில் மூன்று பேராசிரியர்கள் தலையசைத்தார்கள். ஒருவர் இரண்டு முறை.

ஜூன் 10

அப்பாவின் பெயர் ஆவுடையப்பன். இந்த ஊர் ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் முப்பத்திரண்டு வருடம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அந்தப் படிவத்தின் தலையில் 'நீங்கள் மருத்துவரா?' என்று ஒரு கட்டம் உண்டு. உலகத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அப்பா கவனித்தார். "இல்லைன்னா இல்லைன்னு எழுதணும். காலியா விட்டா நான் என்னன்னு நினைக்க?" எள்ளு மூட்டையோடு சென்னைக்குப் போகிறவர்கள்கூட இவர் முன்னால் நின்று, தாம் மருத்துவர் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ழகரத்தைச் சிவப்பு மையால் திருத்தினேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"அச்சடிச்ச படிவத்துல கை வைக்கக் கூடாது."

"தப்பா அச்சடிச்சிருக்குப்பா."

"கேள்வி தப்பா சரியான்னு பாக்கிறது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வேலை. நிரப்புறது நம்ம வேலை."

நிரப்பினார். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, பெரிய பெரிய எழுத்தில்: 14. பால் பாக்கெட்டைச் சட்டியில் கவிழ்க்கும்போது கடைசியாக வரும் சத்தம்.

எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் குடியேறியிருந்தது. படிவங்களின் பரம காவலர், முதல் நாளே ஆக்கிரமிப்பு.

இரவு: 8. ஈரத்துண்டு முதுகில் படும் முதல் நொடி.

சிரித்தேன். கோபப்படவில்லை. "கட்டம் கேக்குதுலா" என்றார்.

ஜூன் 12

தேர்வாளர் என்ற முறையில் இதுவரையிலான விடைத்தாளை வாசித்தேன்.

'ரயில் ஓடைப் பாலத்தில் ஏறும்போது தாளம் மாறுவது.' பரவாயில்லை. பத்துக்கு நான்கு.

'நசுக்கிய இஞ்சி.' வினைச்சொல்லே இல்லை. இரண்டு.

'வல்லி கோபத்தில் நடந்தால் அவள் அம்மா நடப்பது போலவே கேட்கிறது.' தனிநபர் தாக்குதல். பூஜ்யம்.

ஒரு நிறம் கிடையாது. ஒரு பூ, ஒரு மேகம் கிடையாது. அழகு என்று கேட்டால் நிலாவைச் சொல்லாத ஒரே தமிழர் என் அப்பாவாகத்தான் இருப்பார். பாராட்டாகச் சொல்லவில்லை. கற்பனை வறட்சி.

எனக்குச் செண்பகவல்லி என்று பெயர் வைத்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. ஊர் அம்மன் பெயர். தெருவுக்கு நாலு பேர். அப்போதும் ஏதோ ஒரு படிவத்தைப் பார்த்து நிரப்பியிருப்பார்.

ஜூன் 13

சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். கேட்டால், "போட்டது தெரியல" என்கிறார். ஞாபக மறதி ஆண்களுக்கு மட்டும் சமையலறையில்தான் வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

குடும்ப வாட்ஸப் குழுவில் அம்மா விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பனித்துளி. ஆவி பறக்கும் காப்பி. யாருடைய கை என்றே தெரியாத ஒரு கை, ஜன்னலோரம் ஒரு புத்தகத்தோடு. 'சின்னச் சின்ன அழகுகளில்தான் வாழ்க்கை ஒளிந்திருக்கிறது.' வாழ்க்கைக்கு ஒளிய வேறு இடம் கிடைக்கவில்லை. கீழே அத்தை கும்பிட்டிருந்தாள்.

மதியம் வீடியோ அழைப்பு. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன்.

"புள்ளையைப் பாத்தீங்களா? மூக்கைப் பாருங்க, அப்படியே உங்க மூக்கு."

"ஆமா, ஆமா. என் மூக்கேதான்."

"சிரிக்கான் பாருங்க."

"சிரிக்கானே."

எட்டிப் பார்த்தேன். அண்ணன் போனை எங்கேயோ சாய்த்து வைத்திருக்கிறான். திரையில் இருந்தது தோஹாவின் மின்விசிறி. மூன்று இறக்கை. எதிலும் மூக்கு இல்லை.

தாத்தாக்கள் பேரனைப் பார்ப்பதில்லை. பேரன் என்ற கருத்தைப் பார்க்கிறார்கள். (இதைக் கட்டுரையில் எங்காவது செருகலாம்.)

இரவு அழகு: பேரன் தும்மியது. இரண்டு முறை.

ஜூன் 17

புதிய வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. காலையில் நாளிதழை நான் உரக்க வாசிக்க வேண்டுமாம்.

"நீங்களே வாசிக்கலாம்லா?"

"நீ வாத்தியாரம்மா ஆகப் போற. உச்சரிப்பு எப்படி இருக்குன்னு பாக்கணும்லா."

இரங்கல் விளம்பரம் வரை வாசித்தேன். ழகரம் சரியாக வருகிறதாம். கிளினிக் பிரஸ்ஸுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றேன்.

பிறகு ஊசி. இன்சுலின் பேனாவின் பின்பக்கத்தைத் திருகினால் ஓர் அலகுக்கு ஒரு 'டிக்'. எத்தனை என்று சின்னக் கண்ணாடி வழியே எண்ணும் தெரியும். அப்பா அதைக் காதோரம் வைத்துக்கொண்டு, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி, கண்ணை மூடித் திருகுகிறார். உதடு அசைகிறது. மிக்ஸி போடப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னப்பா, பாட்டா கேக்கியோ?"

"எண்ணும்போது பேசாத பிள்ள."

நான் பேசவில்லை. சட்னி அரைக்கக் காத்திருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. என் காதுக்கும் கேட்டது. சுத்தமான சத்தம்தான்.

ஜூன் 20

பெட்டி வாங்கினேன். சக்கரம் வைத்தது, நீலம். விடுதியில் அறை ஒதுக்கிவிட்டார்கள் என்று மின்னஞ்சல் வந்தது.

அப்பா பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். மூலை, கைப்பிடி, சக்கரம். ஜிப்பை ஒருமுறை இழுத்தார். திரும்ப இழுத்தார்.

"என்ன கலர் எடுத்திருக்க?"

முன்னால்தான் இருக்கிறது பெட்டி. "நீலம்" என்றேன். நீலத்துக்கு ஆயிரம் பெயர், ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது.

இரவு அழகு: வல்லியின் பெட்டி ஜிப். ஒரே இழுப்பு.

நான் போவது அவருக்கு அழகாம். நல்லது.

போட்டிக்கு நானும் ஒன்று எழுதலாம் என்று மதியம் முழுவதும் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் படித்தவள். கிடைத்தது: 'வெயில்'. அதையும் வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் கடைக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றி, வாசல் நடையில் நின்றேன். அப்பா நாற்காலியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு?" என்றார்.

"தக்காளி அறுபது ரூபாய்" என்றேன்.

"வல்லியா? வா வா" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். தேவையில்லாத வரி.

ஜூன் 23, திங்கள்

கிளினிக். இடைக்காலச் சோதனை. சிஸ்டர் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே எடுத்துப் போனார். காத்திருந்தவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். இஞ்சிக்கு நல்ல வரவேற்பு. பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் ஒரு பெரியவர், "நானும் இப்படி எழுதலாமா சிஸ்டர்? எனக்கு வெறும் நம்பர் போட்டுப் போட்டுச் சடைச்சுப் போச்சு" என்றார். அப்பா புது இலக்கிய இயக்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். இனி சிற்றிதழ் வரும், பிறகு அது இரண்டாக உடையும்.

"வருசத்துக்கு ஒருக்கா கண் டாக்டர்கிட்ட காட்டணும். காட்டினீங்களா சார்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"காட்டினேன்."

எப்போது என்று சிஸ்டர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஜூன் 26

ஒரு கட்டமும் காலியில்லை. நான் போய்விடுவேன்.

ஜூன் 29, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் எழுத முடியாது.

எதிர்வீட்டில் சடங்கு. அந்தப் பெண் பெரியவளானதை மூன்று தெருவுக்கு அறிவிக்க மைக் செட். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்பா இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எட்டேகால் மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அப்பா."

"வரிசையில வாங்க."

"அப்பா, நான் வல்லி."

"பேரு வயசெல்லாம் சரி. நீங்க டாக்டரா? அந்தக் கட்டம் காலியா இருக்குல்லா."

நான் டாக்டர் இல்லை என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

விரலில் குத்திப் பார்த்தேன். மிஷினில் 42. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பாதி பனியனில் போனது. இன்னொரு டம்ளர். பிறகு ஒரு கரண்டி தேன். வெளியே யாரோ தாய்மாமன் சீர் வரிசையைத் தட்டுத் தட்டாக மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். பதினேழாவது தட்டில் ஆரஞ்சு. பதினெட்டாவது தட்டில் அப்பா, "வல்லி, ஏன் அழுற?" என்றார்.

அழவில்லை. அது வேர்வை.

அரை மணி கழித்து 96. இட்லி சாப்பிட வைத்தேன். பிறகு கேட்டேன்.

"எத்தனை போட்டீங்க?"

"பதினாலு."

"பதினாலு போட்டா இப்படி ஆகாது."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒன்பதுல எண்ணிக்கை தப்பிட்டு. இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திரும்பவும் ஒண்ணுல இருந்து எண்ணினேன்" என்றார்.

ஒன்பதும் பதினான்கும் இருபத்து மூன்று.

"பேனாவிலேயே நம்பர் தெரியும்லாப்பா?"

"தெரியல" என்றார்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். இருபது நாளாக எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, திங்கள்

கிளினிக் பெஞ்சில் எங்கள் முறைக்குக் காத்திருந்தபோது சொன்னார். பக்கத்தில் பெட்ரோல் பங்க் பெரியவர் குறிப்பேடும் கையுமாக இருந்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

இடது கண் போன தீபாவளிக்கே போய்விட்டதாம். வலது கண்ணில் பங்குனியிலிருந்து ஏதோ கறுப்பாக மிதக்கிறது. அதற்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தெரியும். அம்மாவிடம் சொன்னால் தோஹா போயிருக்க மாட்டாள். என்னிடம் சொன்னால் நான் ஹைதராபாத் போக மாட்டேன்.

"அழகுன்னு போட்டிருந்தது பிழைன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"முப்பத்திரண்டு வருசம் படிவம் பாத்தவன். பிழை தெரியாதா எனக்கு?"

"பிறகு எதுக்கு எழுதினீங்க?"

"கண்ணு முழுக்கப் போனா என்ன மிச்சம் இருக்கும்னு ஒரு கணக்கு எடுத்துப் பாத்தேன்." விரலை மடக்கினார். "இருபது நாள். நாப்பது கட்டம். ஒண்ணும் காலியில்ல. போதும்னு தோணிச்சு."

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"இது கணக்கு இல்ல. ஏமாத்து வேலை. நேத்து செத்திருப்பீங்க. அதை எந்தக் கட்டத்துல எழுத?"

"எழுத வேண்டியது நீதான். அப்ப உன் இஷ்டம்."

பெட்ரோல் பங்க் பெரியவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார்.

பிறகு அப்பா, என் பக்கம் சரியாகத் திரும்பாமல், என் தோளுக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்துக் கேட்டார்: "உனக்குத் தெரியாதா, வல்லி?"

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்துவிட்டேன்.

22ஆம் தேதி அடித்த வரி இப்போதும் வாசிக்க முடிகிறது. நான் அழுத்தி அடிக்கவில்லை. 'அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. ஜூலை 14 வரை எனக்கும்.'

அவ்வளவுதான் அந்த வரி. நடை நன்றாக இருக்கிறது. பத்துக்கு எட்டு.

ஜூலை 2

மதுரை. கண் மருத்துவமனை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நூறு பேர், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, எதையோ தீவிரமாக யோசிக்கிறவர்கள் மாதிரி. ஒரு கருத்தரங்கம் போலவே இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் தூங்கவில்லை.

இளம் டாக்டர். விழித்திரை, ரத்தக் கசிவு என்று படம் காட்டினார். இடது கண் திரும்பாது. வலது கண்ணை லேசர் வைத்து இருக்கிற அளவில் பிடித்து நிறுத்தலாம். முதல் முறை ஜூலை 14. பிறகு இன்னும் இரண்டு முறை.

"முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். படித்த முகம் என்னுடையது.

பேருந்து நிலையத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். முழுவதையும் சொன்னேன். தோஹாவில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஒரே வீட்டுல இருந்திருக்க. உனக்குக் கண்ணு இல்லையாட்டி?"

"இருந்துச்சு."

அம்மா போனை வைத்துவிட்டாள். ராத்திரி குழுவில் பனித்துளி வரவில்லை. டிக்கெட்டை மாற்றிவிட்டதாக அண்ணன் மட்டும் எழுதினான். 27ஆம் தேதி வருகிறாள். அதற்குக் கீழே அத்தை கும்பிட்டிருந்தாள்.

ஜூலை 3

பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல். 'என் தந்தையின் பார்வை தொடர்பான சிகிச்சை காரணமாக, பார்வையின் அரசியல் குறித்த ஆய்வில் குறித்த நாளில் சேர இயலாத நிலை.' நான்கு முறை எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் நகைச்சுவையாகத்தான் வருகிறது. தலைப்பை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

நாள் கொடுக்கவில்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. காத்திருப்புப் பட்டியலில் எனக்குப் பின்னால் ஆறு பேர்.

ஜூலை 5

பேனாவை இப்போது நான் பிடிக்கிறேன். திருகுவது அவர். நான் எண்ணைப் பார்க்கிறேன், அவர் சத்தத்தை எண்ணுகிறார். இரண்டும் பொருந்தினால்தான் ஊசி. எதிர்வீட்டுக்காரர் பந்தலைப் பிரித்துவிட்டார். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்விட்டது.

ஜூலை 7, திங்கள்

கிளினிக். நான்கு வாரம் முடிந்தது. டாக்டர் குறிப்பேட்டைப் பார்த்தார். தனியாக இருக்கக் கூடாது என்று எழுதினார். எதிர்பார்த்ததுதான். சிஸ்டர் புதுக் குறிப்பேடு கொடுத்தார். அதே ஆப்பிள், அதே வெள்ளைக்காரர், அதே பிழை. இன்னும் நானூறு பாக்கி இருக்கிறதாம்.

ஒரு வாரமாக அவர் சொல்ல நான் எழுதுகிறேன். கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பார்க்கத்தான் கொஞ்சம் பணிவாக இருக்கிறது.

இன்று இரவுக் கட்டத்துக்கு வந்தபோது, "நீ சொல்லு. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

"காலியா விடப்போறியா?"

மிரட்டல் குரல். எள்ளு மூட்டைக்காரர்கள் கேட்ட அதே குரல். யோசித்தேன். பனித்துளி நினைவுக்கு வந்தது, துரத்தினேன்.

"காலைல இட்லியைத் தேடினீங்கல்லா. கை நேரா சட்னிக்குள்ள போச்சு. நீங்க வேணும்னே வச்ச மாதிரி விரலை நக்கிட்டு, உப்புக் கம்மின்னீங்க."

"அது அழகா?"

"சிரிப்பா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் யோசித்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி.

"சரி, எழுது. ஆனா உப்பு நிசமாவே கம்மி."

எழுதினேன். பத்துக்கு எவ்வளவு என்று போடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இரண்டு வரி. ஜூலை 31 வரை அவகாசம், அதற்கு மேல் இயலாது. அனுதாபம் எதுவும் இல்லை, சந்தோஷமாக இருந்தது.

அம்மா 27 வருகிறாள். நான் 29 கிளம்பினால் போதும். இரண்டாவது லேசருக்கு நானே கூட்டிப் போய்விடலாம். மூன்றாவதற்கு நான் இருக்க மாட்டேன். அப்பாவிடம் சொன்னேன். மூன்றாவது எப்போது என்று கேட்டார். ஆகஸ்ட் 4 என்றேன். "உங்க அம்மா சத்தத்துல லேசர் மிஷினே பயந்துரும்" என்றார்.

போனிலேயே டிக்கெட் எடுத்திருக்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை. கவுண்டருக்குத்தான் போக வேண்டும், படிவத்தில்தான் எழுத வேண்டும். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று மாறியிருந்தது. சொன்னேன், சரிசெய்துகொண்டார். ரயில் நிலையப் படியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பதினொரு படி என்று ஏறும் முன்பே சொன்னார். பதினொன்றுதான்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து நான் படிவத்தை நிரப்பினேன். அப்பா ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"டாக்டரான்னு கேட்டிருக்குமே?"

"அஞ்சு வருசம் கழிச்சு டிக் போட்டுக்கிடலாமாப்பா?"

"நீ அந்த டாக்டர் இல்ல. இல்லைன்னு எழுது."

எழுதினேன். கையெழுத்தை மட்டும் தானே போடுவதாகச் சொன்னார். அவர் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். நான் கையை எடுத்த நேரத்தில் விரல் நகர்ந்துவிட்டது. பழைய கையெழுத்து, அதே சுழி, அதே கோடு. வண்டி எண்ணின் மேல் முழுவதுமாக விழுந்தது. கவனிக்காத மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பெண் படிவத்தைப் பார்த்தாள். திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"வண்டி நம்பர் தெரியல. கையெழுத்து மேல விழுந்திருக்கு. வேற எழுதிட்டு வாங்க."

"அப்பாவுக்குக் கண்ணு…" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் தெரியணும்லாங்க. அடுத்தவங்க வாங்க."

பெஞ்சுக்கு வந்து சொன்னேன். அப்பா அந்தப் படிவத்தைக் கையில் வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"திருப்பிக் கொடுத்துட்டாளா?"

"ஆமா."

"என்னன்னு சொன்னா?"

"நம்பர் தெரியலைன்னு."

"சரியாத்தான் செஞ்சிருக்கா." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல பிள்ள. பேரு என்னன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இன்னொரு படிவம் எடுத்து, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.